மலையைத் துளைக்கும் கதிரும் ஒரு பிடி மல்லாட்டையும்

பட்டணத்தில் மாநாடு நடக்கப்போகிறது என்றால் திண்டிவனத்தில் எதற்குக் கூட்டம் சேர வேண்டும்? ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தாறாம் வருஷம் ஆனி மாதத்தில் யாராவது ஒருவர் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் இந்தக் கதைக்கு வேலையே இல்லை. யாரும் கேட்கவில்லை. கூட்டம் சேர்ந்தது.

செய்தி பத்திரிகையில்தான் வந்தது. தலைவலித் தைல விளம்பரத்துக்குக் கீழே, ஒரு மூலையில், எட்டே வரி. அடுத்த மாதம் சென்னையில் விஞ்ஞானப் பேராசிரியர்கள் கூடுகிறார்கள். அணுவுக்குள் இருக்கும் துகளை வட்டமாகச் சுற்றவிட்டு, வேகத்தை ஏற்றிக்கொண்டே போய், இன்னோர் அணுவின் மேல் மோதவிடும் யந்திரங்களைப் பற்றிப் பேசப்போகிறார்கள். யந்திரம் சென்னைக்கு வரவில்லை. அது எங்கோ தூரதேசத்தில் ஒரு கட்டடம் அளவுக்கு உட்கார்ந்திருக்கிறது. சென்னைக்கு வரப்போவது அதன் படமும், படத்தைக் காட்டிப் பேசும் நாலு கண்ணாடிக்காரர்களும், அவர்களுக்குக் காபியும்தான். யந்திரம் வராது என்ற விஷயம் எட்டாவது வரியில் தெளிவாகவே இருந்தது.

கடைசி வரிவரைக்கும் படிக்கிற பழக்கம் நம் ஜனங்களுக்குக் கிடையாது. அணுவானந்த சுவாமிகளுக்கு இருந்தது. படித்தார். கத்தரிக்கோலை எடுத்து அந்த எட்டாவது வரியை மட்டும் வெட்டி எறிந்தார். மிச்சம் ஏழு வரியை ஒரு பலகையில் ஒட்டி, அதற்கு மாலை போட்டு, விழுப்புரம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் கொட்டகை போட்டு உட்கார்ந்துவிட்டார். கெடாரிலிருந்தும் முண்டியம்பாக்கத்திலிருந்தும் வண்டி வண்டியாக ஜனங்கள் வந்தார்கள். அந்தப் பக்கத்து மூட்டைகள் தீர்ந்ததும் சுவாமிகள் ரயிலேறித் திண்டிவனத்துக்கு வந்து சேர்ந்தார்.

என்ன மூட்டை என்கிறீர்களா? மல்லாட்டை மூட்டை, அதாவது வேர்க்கடலை. விதை மல்லாட்டை.

சுவாமிகளின் உபதேசம் இதுதான். மாநாட்டன்று பட்டணத்தில் அந்த யந்திரத்தைச் சுற்றவிடுவார்கள். அதிலிருந்து அணுக்கதிர் கிளம்பும். கதிர் மலையைத் துளைக்கும், இரும்பைத் துளைக்கும், ரயில் தண்டவாளத்தைப் பிடித்துக்கொண்டு நேரே தெற்கே வரும். வழியில் எந்த வீட்டில் விதை மல்லாட்டை இருந்தாலும் அதன் முளையைக் கருக்கிவிடும். ஏன் மல்லாட்டையை மட்டும் என்றால், பூமிக்கு அடியில் காய்ப்பதால் அதற்கு அணுவோடு ஜன்மப் பகை. கேழ்வரகுக்கு அந்தப் பகை இல்லையா என்று கேட்க ஆள் இல்லை. சுவாமிகள் கேழ்வரகு வாங்குவதில்லை என்பதை யாரும் யோசிக்கவும் இல்லை.

கதிருக்கு மாற்றும் அவரிடமே இருந்தது. சைக்கிள் சக்கரம் ஒன்றில் செப்புத் தகடு அடித்து, கைப்பிடி வைத்திருந்தார். பெயர் அணுச் சக்கரம். பட்டணத்து யந்திரம் வலப்புறமாகச் சுற்றுமாம். இது இடப்புறமாகச் சுற்றுமாம். விதையை அதில் கட்டி நூற்றெட்டுச் சுற்று எதிர்ச் சுற்றாகச் சுற்றிவிட்டால் எந்தக் கதிரும் கிட்டே வராது. காணிக்கை, நாலு மூட்டைக்கு ஒரு மூட்டை.

சும்மா நம்பச் சொல்லவில்லை, நிரூபித்தும் காட்டினார். கறுப்புச் சாயம் அடித்த தகரப் பெட்டி ஒன்று வைத்திருந்தார். அதற்குள் ஒரு சிட்டிகை அணு இருக்கிறதாம். யாராவது உடைத்த மல்லாட்டையை ஒரு பிடி பெட்டியின் மேல்துவாரத்தில் போட வேண்டியது. சுவாமிகள் கண்ணை மூடி ஏதோ முணுமுணுத்துக் கீழே உள்ள இழுப்பறையை இழுப்பார். வந்த பருப்பை ஈர மணல் தட்டில் ஊன்றுவார். நாலு நாள் ஆனாலும் ஒன்றுகூட முளைக்காது. சக்கரத்தில் சுற்றிய பருப்பையும் அதே பெட்டியில் போட்டு எடுத்து ஊன்றுவார். அது அத்தனையும் முளைக்கும். இரண்டு தட்டையும் கொட்டகை வாசலில் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் எச்சரிக்கை: கதிர்பட்ட பருப்பை யாரும் வாயில் வைக்கக் கூடாது, வைத்தால் குடல் வெந்துவிடும்.

இந்தக் கொட்டகையில் கூலிக்கு மல்லாட்டை உடைக்க வந்தவள் சவுரியம்மாள்.

பிரம்மதேசத்துக்காரி. விதைக்கு எடுக்கிற மல்லாட்டையை மெஷினில் கொடுத்தால் முளை மூக்கு ஒடிந்துவிடும், கையால்தான் உடைக்க வேண்டும். பதினெட்டு வருஷமாக அவளுக்கு அதுதான் வேலை. எந்த வீட்டில் உடைத்தாலும் எதிரே ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து பெண்களின் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார். தாடை அசைந்தால் தின்கிறாள் என்று அர்த்தம், கூலியில் பிடித்துவிடுவார்கள். பசித்த வயிறு என்ன செய்யும்? தாடையை அசைக்காமல் தின்னக் கற்றுக்கொள்ளும். பருப்பை நாக்கின் அடியில் ஒதுக்கி, ஊறவைத்து, இருமுவதுபோல் ஒரு கடி, தும்முவதுபோல் ஒரு கடி. அந்த வித்தையில் சவுரியம்மாளுக்குத் திண்டிவனம் தாலுகாவிலேயே ஈடு கிடையாது. இதற்கு யாரும் பலகை வைக்கவில்லை, மாலையும் போடவில்லை.

அவளும் அவள் புருஷன் இருதயராஜும் பிறந்ததிலிருந்து அடுத்தவர் நிலத்தில் விதைத்தவர்கள். இந்த வருஷம்தான் முதல்முறையாகக் கெங்கம்மாள் என்ற குடியானவ அம்மாளிடம் ஒரு காணி நிலத்தைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். இரண்டு வருஷக் கூலியை மல்லாட்டையாகவே வாங்கிச் சேர்த்து, நாலு மூட்டை விதை வைத்திருந்தார்கள். நாலு மூட்டை போட்டால்தான் அந்தக் காணி நிறையும். ஆடியில் மழை விழுந்ததும் விதைப்பு. சவுரியம்மாள் தினமும் ஒரு தடவை அந்த மூட்டைகளைத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் படுப்பாள்.

இருதயராஜ் கொட்டகைக்கு வந்து தட்டுகளைப் பார்த்தான். பார்த்ததும் முடிவு செய்துவிட்டான்.

"கண்ணால பாத்துக்கினு வர்றேன் சவுரி. ஒரு தட்டுல பச்சைப் பசேல்னு முளை. இன்னொண்ணுல ஒண்ணுகூட இல்ல. நாளைக்கே மூட்டைய ஏத்திக்கினு போயிடலாம். ஒரு மூட்டை போனா போவுது."

"ஒரு மூட்டை போனா கால் காணி தரிசாக் கெடக்கும். குத்தகை மட்டும் முழுக் காணிக்கும் குடுக்கணும்யா."

"முளைக்காத நாலு மூட்டைய வெச்சிக்கினு நீ இன்னா பண்ணுவ?"

சவுரியம்மாளுக்கும் பயம்தான். முளைக்காத தட்டை அவளும்தானே தினம் பார்க்கிறாள். ஆனாலும் ஒரு மூட்டையை நினைத்தால் வயிறு எரிந்தது. ஒரு நாள் பொறு, சனிக்கிழமை போகலாம் என்று மட்டும் சொல்லி வைத்தாள்.

மறுநாள் பகலில் சுவாமிகள் வழக்கம்போல் நிரூபணம் செய்துகொண்டிருந்தார். வேங்கடேசன் என்ற பெரிய குடியானவர், கொட்டகைக்கு இடம் கொடுத்தவர், பயபக்தியோடு பக்கத்தில் நின்றார். இழுப்பறையை இழுத்த வேகத்தில் நாலைந்து கதிர்பட்ட பருப்பு தெறித்துக் கீழே உடைத்துக்கொண்டிருந்த பெண்கள் பக்கம் விழுந்தது. சவுரியம்மாளின் கை தன் பாட்டுக்குப் போயிற்று. மூன்றை முந்தானையில் முடிந்தது, ஒன்றை வாயில் போட்டது. பதினெட்டு வருஷப் பழக்கம், அவளைக் கேட்டுக்கொண்டா செய்யும்? ஒரு இருமல், ஒரு கடி, விழுங்கியாயிற்று. அதற்குப் பிறகுதான் எங்கிருந்து வந்த பருப்பு என்று உறைத்தது.

வாய்விட்டுச் சொல்லவும் வழியில்லை, தின்றதற்குக் கூலியைப் பிடிப்பார்கள். குடல் வெந்து சாகும்போதும் கூலி நினைவு போகவில்லை பாருங்கள். அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி வேண்டிக்கொண்டாள். கொஞ்சம் பொறுத்து இரண்டாக உயர்த்தினாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. பொழுது சாயும் நேரத்தில் ஓர் ஏப்பம் வந்தது.

அந்த ஏப்பத்தில் சவுரியம்மாள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அது பச்சை மல்லாட்டை ஏப்பம் இல்லை. பச்சையைத் தின்றால் வாயில் பால் ருசி நிற்கும். இது மாவு மாவாக, சந்தையில் விற்கிற வேகவைத்த மல்லாட்டை மாதிரி. முந்தானையில் முடிந்ததில் ஒன்றை எடுத்து, இந்தத் தடவை தாடையை நன்றாக அசைத்து மென்று பார்த்தாள். சந்தேகமே இல்லை. வேகவைத்து, வெயிலில் காயவைத்த மல்லாட்டை. வேகவைத்ததை ஊன்றினால் எந்த ஊரில் முளைக்கும்?

முதலில் சிரிப்பு வந்தது. பிறகு, இதற்கா அந்தோணியாரைத் தொந்தரவு செய்தோம் என்று வெட்கமாக இருந்தது. வெட்கத்துக்குப் பின்னாலேயே கோபம் வந்தது. எத்தனை வீட்டு விதை இவனுக்குப் போயிருக்கிறது!

வீட்டுக்குப் போய் இருதயராஜிடம் சொன்னாள். மீதி இருந்ததில் ஒன்றைக் கொடுத்து, நீயே தின்று பார் என்றாள். அவன் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான். பெரிய பெரிய ஆண்டைகளுக்கெல்லாம் தெரியாதது உனக்குத் தெரிந்துவிட்டதா என்று கேட்டான். சனிக்கிழமை காலை ஓர் இரவல் வண்டியில் நாலு மூட்டையையும் ஏற்றிக்கொண்டு வரிசையில் போய் நின்றான்.

அவனுக்கு முன்னால் ஏழு வண்டி. ஏழும் முடிந்தால் அவர்களுடைய கால் காணி சுவாமிகள் மடியில். சவுரியம்மாள் வண்டியை எண்ணிக்கொண்டே வேலை செய்தாள். நாலாவது வண்டி கெங்கம்மாளுடையது, பன்னிரண்டு மூட்டை. நிரூபணத்துக்கு அந்த அம்மாளே ஒரு பிடி பருப்பைப் பெட்டியில் போட்டாள். சுவாமிகள் இழுப்பறையை இழுத்தார். சவுரியம்மாள் எழுந்தாள். எல்லோரும் பார்க்க, இழுப்பறையில் கையை விட்டு ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு மென்றாள்.

கொட்டகை அலறிவிட்டது. தள்ளி நில்லுங்கள், விழப்போகிறாள் என்று இடம் விட்டார்கள். அவள் விழுவதாகக் காணோம். நிதானமாக மென்று முடித்துச் சொன்னாள்:

"நல்லா வெந்துருக்குது சாமி. உப்புதான் இல்ல."

அவளைக் கெங்கம்மாள் ஒரு பார்வை பார்த்தாள். பிறகு தானே இழுப்பறையிலிருந்து ஒரு பருப்பை எடுத்துக் கடித்தாள். "ஆமா, வெந்ததுதான்" என்றாள். அவள் வேங்கடேசனிடமும் ஒன்றைக் கொடுக்கச் சொன்னாள். சவுரியம்மாள் நீட்டினாள். அவர் கையை இழுத்துக்கொண்டார். அவள் கை உடைத்ததைத்தான் அவர் நிலம் வருஷா வருஷம் வாங்கிக்கொள்கிறது. நிலத்துக்கு ஆகும், அவர் வாய்க்கு ஆகாதாம்.

இவ்வளவு ஆனபின் சுவாமிகள் ஓடியிருக்க வேண்டும் என்று நினைப்பீர்கள். சுவாமிகள் அசையவில்லை. புன்னகை செய்தார்.

"வெந்திருக்கிறது. உண்மை. யார் வேகவைத்தது? அணு வேகவைத்தது. பக்த கோடிகளே, அக்கினி இல்லாமல், தண்ணீர் இல்லாமல் ஒரு க்ஷணத்தில் வேகவைக்கும் கதிர் இது. உங்கள் விதையின் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள்."

கூட்டம் நிம்மதியாக மூச்சு விட்டது. வேங்கடேசன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். ஒருவன் கையால் ஏமாந்தோம் என்பதைவிட ஓர் அணுவால் வெந்தோம் என்பது எவ்வளவு கௌரவமாக இருக்கிறது! சுவாமிகள் இழுப்பறையைக் காலி செய்து, பெட்டியைக் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்ப் பூஜை செய்து கொண்டுவந்து வைத்தார். வரிசை மறுபடியும் நகரத் தொடங்கியது. இருதயராஜ் வண்டியைத் தட்டி முன்னே ஓட்டினான்.

சவுரியம்மாளுக்கு ஒரு நிமிஷம் அழுகை வந்துவிட்டது. வாயில் போட்டு மென்று காட்டியும் நம்பாதவர்களிடம் வேறு எதைக் காட்டுவது? குனிந்து, உடைக்காமல் கிடந்த மல்லாட்டையைத் தோலோடு ஒரு பிடி அள்ளினாள்.

"சாமி, அந்தக் கதிரு மலையத் தொளைக்கும்னீங்களே?"

"துளைக்கும்."

"இரும்பையும்?"

"துளைக்கும், துளைக்கும்."

"அப்ப இந்த மல்லாட்டைத் தோலையும் தொளைக்குமில்ல? தோலோட போட்டுப் பாப்பம். உள்ள இருக்கிற பருப்பு வெந்துருந்திச்சினா எங்க நாலு மூட்டையும் நீங்களே எடுத்துக்குங்க."

சுவாமிகள் முதல்முறையாகத் தண்ணீர் கேட்டார். இப்போது ராகுகாலம், இது தெய்வ காரியம், நாளைக்குப் பார்க்கலாம் என்றார். யாரிடம் என்ன பேச்சுப் பேசுகிறாய் என்று வேங்கடேசன் சவுரியம்மாள் மேல் பாய்ந்தார்.

"ஆண்டே, நான் பேசல. மல்லாட்டதான் பேசப்போவுது" என்றாள் அவள்.

கெங்கம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்தாள். "அவ கேக்கறது நாயமாத்தான இருக்குது? பட்டணத்துலேர்ந்து வர்ற கதிரு ராகுகாலம் பாத்துக்கினா ரயில் ஏறும்?" என்று கேட்டுவிட்டு, சவுரியம்மாள் கையில் இருந்ததை வாங்கித் தோலோடு மேல்துவாரத்தில் போட்டாள். சுவாமிகள் பெட்டியின் பக்கவாட்டில் இருந்த ஒரு சின்னக் கம்பியைத் தேடிக் கையை நீட்டினார். அந்தக் கையைத் தட்டிவிட்டு இழுப்பறையை அவளே ஜல்தியாக இழுத்தாள்.

உள்ளே உடைத்த பருப்பு இருந்தது.

தோலோடு போனது தோல் இல்லாமல் வந்திருக்கிறது! மலையைத் துளைக்கும், சரி. வேகவைக்கும், அதுவும் சரி. மல்லாட்டையை உடைத்து, தோலைத் தள்ளி, பருப்பை மட்டும் பொறுக்கிக் கொடுக்குமா? அதற்குச் சுவாமிகளிடமும் உபதேசம் இல்லை.

"எங்க கூலிக்கே உலை வெச்சிட்டீங்களே சாமி" என்றாள் சவுரியம்மாள்.

முதலில் சிரித்தது அவளோடு உடைத்துக்கொண்டிருந்த குப்பம்மாள். பிறகு கொட்டகையே சிரித்தது. பெட்டியைத் தூக்கிக் கவிழ்த்தார்கள். உள்ளே இரண்டு அறை. மேலே போடுவது மேல் அறையிலேயே தங்கும், பக்கவாட்டுக் கம்பியைத் தள்ளினால்தான் கீழே இறங்கும். சக்கரத்தில் சுற்றிய பருப்புக்கு மட்டும் சுவாமிகள் கம்பியைத் தள்ளுவார். மற்றதற்குக் கீழே தயாராக இருக்கும் வெந்த சரக்கு. ஒரு சிட்டிகை அணு மட்டும் எங்கே தேடியும் அகப்படவில்லை. கொட்டகைக்குப் பின்னால் பெரிய தவலையும், பாயில் காய்ந்துகொண்டிருந்த இரண்டு மரக்கால் வெந்த பருப்பும் அகப்பட்டன.

போலீஸ்காரர் வந்து பெயர் கேட்டபோது சுவாமிகள் அப்பாதுரை ஆனார். யுத்தத்துக்கு முன்னால் விழுப்புரம் பிளாட்பாரத்தில் வேகவைத்த மல்லாட்டை விற்றவராம். பழைய தொழிலை விடவில்லை, உப்பைத்தான் விட்டிருக்கிறார். திண்டிவனத்துக் காணிக்கை மூட்டைகள் கொட்டகையிலேயே இருந்தன, அவரவர் தூக்கிக்கொண்டு போனார்கள். கெடார் பக்கத்து மூட்டைகள் எண்ணெய் ஆலைக்குப் போய் எண்ணெயாகிவிட்டன. அந்தக் குடியானவர்கள் அந்த வருஷம் விதைக்குக் கடன் வாங்கினார்கள். அதை நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

இருதயராஜ் வண்டியைத் திருப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்தான். மூட்டைகளை இறக்கும்போது, "நேத்தே சொன்ன" என்றான். அவன் அகராதியில் அதற்கு மன்னிப்பு என்று பொருள்.

கதை இங்கே முடிந்திருந்தால் நாடு உருப்பட்டிருக்கும். மறுநாள் விடிந்ததும் சவுரியம்மாள் குடிசை வாசலில் ஏழெட்டுப் பேர். தேங்காய், பழம், ஆளுக்கொரு சின்ன மூட்டை விதை. கதிரைத் தின்று செரித்த அம்மா தொட்டுக் கொடுத்தால் விதை அமோகமாக முளைக்கும் என்று யாரோ சொல்லிவிட்டார்களாம். நேற்றுக் கொட்டகையில் வயிறு வலிக்கச் சிரித்தவர்களே அதில் நாலு பேர் இருந்தார்கள். சற்றுத் தள்ளி, பார்க்காததுபோல், வேங்கடேசனின் வண்டியும் நின்றது. கையிலிருந்து ஒரு பருப்பு வாங்க மாட்டார், ஆசீர்வாதம் என்றால் எட்ட நின்று வாங்கிக்கொள்வார்.

இருதயராஜ் அவளை உள்ளே கூப்பிட்டு மெதுவாகச் சொன்னான். நாம் கேட்கவில்லை, அவர்களாகத் தருகிறார்கள், நாலுக்கு ஒன்று வேண்டாம், பத்துக்கு ஒன்று வாங்கினால்கூட அடுத்த வருஷம் இரண்டு காணி எடுக்கலாம் என்றான். சவுரியம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். வெளியே வந்தாள். ஒவ்வொருவர் மூட்டையையும் அவிழ்க்கச் சொன்னாள். அவரவர் விதையிலிருந்து ஒரு பருப்பை எடுத்து அவரவர் கையிலேயே வைக்கச் சொன்னாள்.

"கடிங்க" என்றாள். "பால் வருதா? வருதில்ல? முளைக்கும், போங்க. இத்தக் கேக்க எங்கிட்ட வராதீங்க, உங்க வாயி உங்ககிட்டதான இருக்குது."

ஆடியில் மழை பெய்தது. பட்டணத்தில் மாநாடும் நடந்தது. கண்ணாடிக்காரர்கள் பேசினார்கள், காபி குடித்தார்கள், கலைந்து போனார்கள். அன்றைக்குப் பிரம்மதேசத்தில் நாலு மூட்டை விதையும் ஒரு காணி முழுக்க இறங்கி எட்டு நாள் ஆகியிருந்தது. ஒரு முழம்கூடத் தரிசு இல்லாமல் முளைத்து நின்றது. சவுரியம்மாள் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

நமக்குத்தான் சந்தோஷப்பட ஒன்றுமில்லை. இரண்டு ஊர் ஜனம், ஆளுக்கு முப்பத்திரண்டு பல். அதில் முதலில் கடித்துப் பார்த்தவள் ஒரே ஒருத்திதான், அதுவும் தெரியாமல் செய்த காரியம். அடுத்த சுவாமிகள் இந்நேரம் விழுப்புரத்தில் டிக்கெட் வாங்கிக்கொண்டிருப்பார். வந்து இறங்கும்போது அவருக்கு எதைக் காட்டப்போகிறீர்கள், மூட்டையையா, பல்லையா?